கமடோர் 1084எஸ் மானிட்டருக்கு ரிச்சி தெருவில் வாங்கிய டிவி பவர் சுவிட்ச்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நல்ல சுவிட்ச், வாங்கலாம், விலை 50 ரூபாய்க்குள்தான். ஆனால் கடையில் என்ன கேட்பது, சுவிட்சின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக உங்கள் மானிட்டரில் கெட்டுப்போனது சுவிட்ச்தானா வேறு ஏதாவதா, இதெல்லாம் சொல்லாமல் வெறுமனே வாங்கலாம் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் போகும். அவசரம் என்றால் "டிவி-5 அல்லது 8/128 என்று அச்சடித்தது, நாலு கால், அழுத்தினால் உள்ளே நிற்கிற வகை" என்று குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மானிட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. கமடோர் கம்பெனியின் 1084 வந்தது 1987இல், அவர்களுடைய அமிகா 500 கம்ப்யூட்டர் வந்த அதே வருஷம். எஸ் சேர்ந்த மாடலில் ஸ்டீரியோ ஸ்பீக்கர் இருக்கும். முகப்பில் கமடோர் என்று போட்டிருந்தாலும் செய்து கொடுத்தது பிலிப்ஸ் அல்லது தேவூ. பின்பக்க லேபிளில் மாடல் எண்ணுக்குப் பிறகு பி என்று இருந்தால் பிலிப்ஸ், டி என்று இருந்தால் தேவூ. பிலிப்ஸ் தன் சொந்தப் பெயரில் சிஎம்8833 என்று விற்றதும் கிட்டத்தட்ட இதே குடும்பம்தான். காம்போசிட், ஆர்ஜிபி என்ற வீடியோ சிக்னல் எல்லாம் வாங்கும், திரையில் கோடு வரையும் வேகம் 15 கிலோஹெர்ட்ஸ். இந்த 15 கிலோஹெர்ட்ஸ்தான் விஷயமே. இன்றைய எல்சிடிகளில் பெரும்பாலானவை அமிகாவின் ஆர்ஜிபி சிக்னலைக் கொடுத்தால் கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதனால் இந்தப் பெட்டிக்கு மாற்று சுலபமாகக் கிடைப்பதில்லை, கமடோர் கம்பெனியும் 1994 ஏப்ரலில் திவாலாகிவிட்டது, சர்வீஸ் சென்டர் என்று யாரும் கிடையாது. என்னுடையது அத்தை மகன் ஜெர்மனியில் இருந்து வீட்டைக் காலி செய்து வந்தபோது கப்பலில் போட்ட சாமான்களோடு வந்தது. பால் (PAL) கலர் சிஸ்டம், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

பவர் பட்டன் நிற்காமல் போவது இந்தக் குடும்பத்து மானிட்டர்களில் உலகம் முழுக்க எல்லோரும் பார்க்கிற ஒன்று. செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 30 வருஷத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான தடவை அழுத்துப்பட்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு அது, தேயாமல் என்ன செய்யும். அழுத்தினால் படம் வரும், விரலை எடுத்தால் பட்டன் வெளியே வந்து படம் போய்விடும். சில நேரம் நிற்கும், மேசையில் தட்டினால் விட்டுவிடும். விரலாலேயே பிடித்துக்கொண்டு விளையாட முடியுமா? தீக்குச்சியைச் செருகி வைப்பவர்கள் இருக்கிறார்கள், மடித்த அட்டையைத் திணிப்பவர்கள் இருக்கிறார்கள். தற்காலிகமாக ஓடும், ஆனால் அரைகுறையாக அழுத்தி நிற்கிற சுவிட்சில் உள்ளே தகடுகள் சரியாகச் சேராமல் பொறி அடித்துக்கொண்டே இருக்கும், சூடாகும், பிளாஸ்டிக் இளகும். மரக்குச்சி, அட்டை, சூடு, 230 வோல்ட். இந்த நாலையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு நான் நிம்மதியாகப் படம் பார்க்க மாட்டேன்.

உள்ளே இருக்கும் அமைப்பு சின்னது. அழுத்தும் தண்டின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், இதய வடிவத்தில், அதில் கொண்டை ஊசி மாதிரி வளைந்த ஒரு மெல்லிய கம்பி ஓடும். முதல் அழுத்தில் கம்பி பள்ளத்தின் ஒரு மூலையில் போய் மாட்டிக்கொள்ளும், அடுத்த அழுத்தில் விடுபட்டு ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளிவிடும். அந்த மூலை பிளாஸ்டிக்தானே, தேய்ந்து மழுங்கிவிட்டால் கம்பி வழுக்கி வந்துவிடும். கிரீஸ் காய்ந்து பிசின் ஆகிப்போனாலும் இதே கதைதான், ஆனால் அது கொஞ்சம் நல்ல செய்தி, சுத்தம் செய்தால் பிழைக்கும். இன்னொரு வகைக் கோளாறு தகடுகளில் வருவது. பட்டன் அழகாக நிற்கும், ஆனால் கரண்ட் வராது, அல்லது வந்து வந்து போகும், படம் சுருங்கி விரியும். பொறி அடித்து அடித்துத் தகட்டின் வெள்ளிப் பூச்சு கருகிக் குழி விழுந்ததன் விளைவு. எப்போதாவது இதற்கு நேர் எதிராக, தகடுகள் உருகி ஒட்டிக்கொண்டு அணைக்கவே முடியாமல் போவதும் உண்டு.

ஆனால் புதுச் சுவிட்ச் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயம் பாருங்கள். பட்டன் நின்றும் கரண்ட் வந்து வந்து போகிறது என்றால், பாதி நேரம் சுவிட்ச் குற்றவாளியே இல்லை. டிவி மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்களே, அதுதான். போர்டில் உள்ள மற்ற பாகங்களை யாரும் தொடுவதில்லை, சுவிட்சை மட்டும் தினமும் ஒருவர் கட்டைவிரலால் குத்துகிறார். அந்த விசை முழுக்க அதன் கால்களைப் பிடித்திருக்கும் சால்டரில்தான் போய் முடியும். வருஷக்கணக்கில் இப்படி ஆட ஆட, காலைச் சுற்றி மெல்லிய வட்டமாக விரிசல் விழும். லென்ஸ் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் முடிந்தது வேலை, செலவு பூஜ்யம். என் மானிட்டரில் இரண்டும் இருந்தது, கால் ஒன்றில் விரிசல், பள்ளமும் தேய்ந்திருந்தது.

திறப்பதைப் பற்றி. இதை நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. இது பிக்சர் டியூப் உள்ள பெட்டி. டியூபின் முதுகில் ரப்பர் கேப் மாட்டிய இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் டியூப் ஒரு கெப்பாசிட்டர் போல அதைப் பிடித்து வைத்திருக்கும். பவர் சப்ளை பகுதியில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் 230 வோல்ட் ஏசியை நேராக்கி 325 வோல்ட் டிசியாக வைத்துக்கொண்டிருக்கும். சுவிட்ச் வேலைக்கு டியூப் கேப்பைக் கழற்றவே தேவையில்லை, ஆனால் போர்டை வெளியே இழுக்கும்போது கை பட வாய்ப்பு இருக்கிறது. அதனால் பிளக்கைப் பிடுங்கி, சுவரில் அணைத்தால் போதாது, பிடுங்கியே வைத்து, நல்ல இன்சுலேஷன் உள்ள நீளமான ஸ்குரூடிரைவரின் இரும்பில் ஒரு வயரைக் கட்டி, வயரின் மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் பின்னல் எர்த் கம்பியில் மாட்டி, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கேப்புக்கு அடியில் நுனியை மெதுவாக நுழைத்துத் தொட வேண்டும். சில நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. பெரிய கெப்பாசிட்டரை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்க வேண்டாம், 2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் வைத்து வடித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டுத்தான் கை வைப்பது. இன்னொன்று, டியூபின் கழுத்து. பின்மூடியை எடுக்கும்போது அதில் இடித்தால் கண்ணாடி உடைந்து டியூபே போய்விடும், சுவிட்சுக்காகப் போய் மானிட்டரையே இழப்பீர்கள். இதெல்லாம் பழக்கம் இல்லை என்றால் தெருமுனையில் பழைய டிவி மெக்கானிக் யாராவது இன்னும் இருப்பார், அவரிடம் கொடுத்துவிடுங்கள், கூச்சப்பட எதுவும் இல்லை. அவர் கை ஆயிரம் டியூபைப் பார்த்த கை.

சரி, சுவிட்சுக்கு வருவோம். மூன்று வகையை வாங்கி வைத்துப் பார்த்தேன்.

ஒன்று, பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் மட்டுமே விற்கும் ஒரு வெளிநாட்டுக் கடையில் இருந்து வரவழைத்தது. "1084 பவர் சுவிட்ச்" என்றே பெயர் போட்டு விற்கிறார்கள். பிரச்சினை இல்லாத பொருள். கால் இடைவெளி, தண்டின் நீளம், பட்டன் மூடி மாட்டும் முனை எல்லாம் எடுத்துப் பொருத்த வேண்டியதுதான், அரம் கூடத் தேவைப்படாது. ஆனால் தபால் செலவு சுவிட்சின் விலையைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் சுங்கம். மொத்தக் கணக்கைப் பார்த்தால் வீட்டில் சொல்ல முடியாது. ஐரோப்பாவிலேயே இருப்பவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம், சென்னையில் உட்கார்ந்துகொண்டு வாங்குவது ஆடம்பரம்.

இரண்டாவது, ஆன்லைனில் பத்து சுவிட்ச் ஒரு பாக்கெட்டாக வந்தது. படத்தில் பார்க்க அப்படியே இருந்தது. கையில் வந்ததும் தெரிந்தது, 3 ஆம்பியர், 250 வோல்ட் என்று மட்டும் அச்சு, வேறு எந்தக் குறியும் இல்லை. ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், தகடு மெலிசு, தொடும் புள்ளி கடுகு அளவு கூட இல்லை. தண்டை இடமும் வலமும் ஆட்டினால் ஆடுகிறது. டேபிள் லாம்புக்குப் போடலாம், இந்த மாதிரி பவர் சப்ளைக்கு வேண்டாம். மானிட்டரில் மாட்டிப் பார்க்கவே இல்லை.

மூன்றாவதுதான் ரிச்சி தெருச் சரக்கு. ரிச்சி தெரு என்று நாம் சொன்னாலும் மீரான் சாகிப் தெரு, நரசிங்கபுரம் தெரு எல்லாம் சேர்ந்த கூட்டம் அது. முன்பக்கம் முழுக்க சிசிடிவி, லேப்டாப் சார்ஜர், போன் டிஸ்பிளே. உதிரிப் பாகக் கடைகள் சந்துக்குள் சந்தாகப் போனால் இருக்கின்றன. 1084 என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, கேட்கவும் வேண்டாம். பழைய கலர் டிவியின் முன்பக்கம் இருக்குமே டொக்கென்று அழுத்தும் பெரிய பட்டன், அதற்குப் பின்னால் இருந்த சுவிட்சும் இதுவும் ஒரே ஜாதி. 90களில் நம் வீட்டு டிவியில் ரிமோட் தொலைந்தால் அப்பா எழுந்து போய் அழுத்தச் சொல்வாரே, அதேதான். அதனால் "கலர் டிவி மெயின் சுவிட்ச், பழைய டைப்" என்று கேளுங்கள். கழற்றின சுவிட்சைக் கையோடு எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று, கடைக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இப்ப யார் சார் கேக்குறா, எல்லாம் ரிமோட்டு, எல்இடி" என்று சொல்லிக்கொண்டே ஏணி போட்டு மேல் தட்டில் இருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே நாலைந்து விதம். "எல்லாம் ஒண்ணுதான் சார், எதை வேணா எடுங்க" என்றார்.

எல்லாம் ஒன்று இல்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும்.

மானிட்டர் ஓடும்போது இழுக்கும் கரண்ட் ஒரு ஆம்பியருக்குக் கீழேதான். அப்படியானால் 3 ஆம்பியர் சுவிட்ச் தாராளம் என்று தோன்றும். ஓடும்போது சரி. அழுத்துகிற அந்த முதல் நொடியில் நடப்பது வேறு. பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது, காலியான கெப்பாசிட்டர் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட்டுக்குச் சமம், நிரம்பும்வரை வாரி இழுக்கும். அதே நேரம் டியூபைச் சுற்றியிருக்கும் டீகாஸ் காயில். அதோடு வரிசையில் பிடிசி என்று ஒரு தெர்மிஸ்டர் இருக்கும், குளிர்ந்திருக்கும்போது அதற்குத் தடை குறைவு, சூடானதும் தடை ஏறிக் காயிலுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடும். பழைய டிவி போட்டதும் "ங்ங்" என்று ஓர் அதிர்வு கேட்குமே, அது இந்தக் காயில் டியூபின் காந்தத்தைக் கழுவுகிற சத்தம். ஆக ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் சுவிட்சின் அந்தச் சின்னப் புள்ளிகள் இந்த இரண்டு சுமையையும் ஒன்றாகத் தாங்க வேண்டும். தகடுகள் சேரும்போது ஒரு தடவை துள்ளும், அந்தத் துள்ளலில்தான் பொறி, அந்தப் பொறியில்தான் குழி.

இதற்காகவே டிவி ரேட்டிங் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பின் கணக்கில் டிவி-5 என்றால் ஓடும்போது 5 ஆம்பியர், முதல் தள்ளலில் 78 ஆம்பியர் தாங்கும். டிவி-8 என்றால் 8 ஆம்பியர், 117 ஆம்பியர். சில சுவிட்சுகளில் 8/128 என்று இருக்கும், கோட்டுக்கு இடப்பக்கம் ஓடும் கரண்ட், வலப்பக்கம் முதல் தள்ளல். டிவி குறியோ இந்த இரண்டாவது எண்ணோ அச்சில் இல்லாத சுவிட்சை எடுக்கவே எடுக்காதீர்கள், எவ்வளவு புதிதாக மின்னினாலும் சரி. அந்த அட்டைப்பெட்டியில் இருந்ததில் 8/128 என்று தெளிவாக அச்சு விழுந்த வகை ஒன்று இருந்தது, அதைத்தான் எடுத்தேன். வெளிநாட்டுக் கடையில் வந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தண்டின் நீளத்தில் மட்டும்தான். அந்த நீளத்துக்குத்தான் அவ்வளவு பணம்.

அடுத்தது கால்கள். இது இரட்டைத் துருவ சுவிட்ச், அதாவது பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே அழுத்தில் வெட்டும், அதனால் நாலு கால். இரண்டே கால் உள்ளதைக் கொடுத்து "அதுவும் ஓடும் சார்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் நம் ஊரில் பிளக் பாயின்ட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சர்வ சாதாரணம், ஜெர்மன் பிளக்கையோ எப்படித் திருப்பிச் சொருகினாலும் உள்ளே போகும். ஒரு துருவத்தை மட்டும் வெட்டினால் அணைத்த பிறகும் போர்டின் முன்பகுதி முழுக்க பேஸிலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். சுவிட்சை ஒட்டுமொத்தமாக பைபாஸ் செய்துவிட்டு சுவர் சுவிட்சிலேயே போட்டு அணைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். நம் ஊரில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்தில் சுவிட்ச் இருப்பதால் இந்த யோசனை இயல்பாக வரும், நானும் பட்டன் நன்றாக நிற்கும் மானிட்டர்களில் அதைத்தான் செய்கிறேன், பட்டனை அழுத்தியபடியே விட்டுவிட்டு சுவரில் அணைப்பேன், தேய்மானம் 20 ரூபாய் சுவர் சுவிட்சுக்குப் போகட்டும் என்று. ஆனால் உள்ளே வயர் போட்டு ஷார்ட் செய்வது வேறு விஷயம், சுவர் சுவிட்ச் பேஸ் ஒன்றைத்தான் வெட்டும், அதுவும் எலக்ட்ரீஷியன் சரியாகப் போட்டிருந்தால். நாளைக்கு இந்தப் பெட்டியை வாங்குகிறவருக்கு அது தெரியாது.

கால்களின் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். பழையதைக் கையில் வைத்துக்கொண்டு கால் மேல் கால் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த இரண்டு கால் ஒரு ஜோடி என்பதையும் மல்ட்டிமீட்டரில் பீப் வைத்துக் கடையிலேயே பார்த்துவிடுங்கள், சில வகைகளில் ஜோடி நீளவாக்கில், சிலதில் குறுக்குவாக்கில். இதை மாற்றிப் போட்டால் சுவிட்சை அழுத்தியதும் பேஸும் நியூட்ரலும் நேராகச் சேர்ந்து வீட்டு எம்சிபி விழும். நான் வாங்கியதில் ஜோடியும் இடைவெளியும் பழையதோடு ஒத்துப்போனது, தண்டுதான் நீளம். பட்டன் மூடி அப்படியே மாட்டினால் முகப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். ஹாக்ஸா பிளேடால் நறுக்கி அரத்தால் தேய்த்தேன், நறுக்கும்போது தூள் சுவிட்சுக்குள் போகாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். இடைவெளி ஒத்துவரவில்லை என்றால் காலை வளைத்துத் திணிக்காதீர்கள், அடிப்பாகம் விரிசல் விடும். வேறு கடை பாருங்கள்.

மாட்டுவது பெரிய வேலை இல்லை. பழைய போர்டில் தாமிரப் பட்டை சூட்டில் பெயர்ந்து வந்துவிடும், அதனால் கொஞ்சம் புது ஈயத்தை முதலில் வைத்து உருக்கி, அப்புறம் பம்ப்பால் உறிஞ்சினால் அலுங்காமல் வரும். காய்ந்த ஈயத்தை அப்படியே நோண்ட வேண்டாம். புதுசை வைக்கும்போது அதன் அடிப்பாகம் போர்டில் முழுக்கப் படிந்திருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு இருந்தாலும் ஒவ்வொரு அழுத்தும் மறுபடி சால்டரில்தான் போய் விழும், திரும்ப டிரை சால்டர். பக்கவாட்டில் பிடிக்கும் காது இருக்கும் வகை என்றால் அதையும் சேர்த்துச் சால்டர் செய்யுங்கள். கையோடு எல்ஓடியின், அதாவது டியூபுக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரின், கால்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். எடையும் சூடும் அங்கேதான் அதிகம், விரிசல் அங்கேயும் விரும்பி வரும்.

பழைய சுவிட்சையே காப்பாற்ற முடியாதா என்றால், முடியும், சில நேரம். கழற்றிய பிறகு பக்க மூடியை நெம்பி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பழைய கிரீஸைக் கழுவி, பிளாஸ்டிக்குக்கு ஒத்துப்போகும் சிலிகான் கிரீஸ் துளி வைத்து மூடினால் காய்ந்துபோனது ஓடும். நெம்பும்போது ஸ்பிரிங் பறக்கும், கட்டிலுக்கடியில் தேடும் பொறுமை இருந்தால் செய்யுங்கள். சந்துக்குள் எண்ணெய் ஸ்பிரே அடித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்பவர்களைக் கேட்காதீர்கள், எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பொறியில் கருகும். கான்டாக்ட் கிளீனர் என்று தனியாகவே விற்கிறது, அதை அடித்தாலும் முழுக்கக் காயும்வரை பிளக்கைச் சொருகக் கூடாது. தகட்டை எமரித் தாளால் தேய்ப்பதும் எனக்குப் பிடிக்காத வைத்தியம், இருக்கிற கொஞ்சம் வெள்ளியும் போய்விடும், சில மாதத்தில் முன்பைவிட மோசமாக நிற்கும். பள்ளமே தேய்ந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் வீண், 50 ரூபாயைக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

இதெல்லாம் இந்த வகைச் சுவிட்ச் உள்ள மானிட்டருக்கு மட்டும். எல்லாப் பழைய மானிட்டரிலும் இது இருக்காது. ஐபிஎம் 5151 பச்சைத் திரை மானிட்டரில் பவர் சுவிட்சே கிடையாது, பிசியின் முதுகில் உள்ள சாக்கெட்டில் இருந்து கரண்ட் எடுத்துக்கொண்டு பிசியோடு சேர்ந்து எரியும், சேர்ந்து அணையும். பட்டனைக் காணோமே என்று தேட வேண்டாம். 90களின் பிற்பகுதியில் வந்த 15 இன்ச், 17 இன்ச் விஜிஏ மானிட்டர்களில் பலவற்றில் முன்பக்கப் பட்டன் வெறும் டாக்ட் சுவிட்ச், 6 மில்லிமீட்டர் சதுரம், 5 வோல்ட் சிக்னல் மட்டும்தான் அதில் ஓடும், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதில் பட்டன் நிற்பதே இல்லை, "நிற்கவில்லை" என்று இந்தப் பெரிய சுவிட்சை வாங்கிக்கொண்டு போய் ஏமாறாதீர்கள்.

மாட்டி முடித்த பிறகு. பிளக் சொருகுவதற்கு முன் பிளக்கின் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்து அழுத்தி, விட்டு, அழுத்திப் பார்த்தேன், ஷார்ட் எதுவும் இல்லை. தகட்டின் தடை மீட்டர் வயரின் தடையைக் கழித்தால் பூஜ்யம்தான், பழையது ஓம் கணக்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை மின்சாரம் கொடுத்தபோது 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுத்தான் கொடுத்தேன், பழைய பெட்டிகளுக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு கணம் பிரகாசமாக எரிந்து மங்கியது, சரி என்று பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தேன். அழுத்தினால் அழுத்தமான ஒரு டொக், படம் ஆடாமல் வருகிறது. நீண்ட நேரம் ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி கெப்பாசிட்டரை வடித்துவிட்டு சுவிட்சைத் தொட்டால் சூடே இல்லை. சத்தம் பழையதைவிடக் கொஞ்சம் பெரிசு, ராத்திரி பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குக் கேட்கும். பட்டன் மூடி முன்பு இருந்ததைவிட ஒரு நூல் வெளியே நிற்கிறது, இன்னும் கொஞ்சம் தேய்த்திருக்கலாம், அதற்காக மறுபடி திறக்கப் போவதில்லை.

குறை என்று சொன்னால் இரண்டு. கடையில் பில் கிடையாது, கேரண்டி கிடையாது, பெட்டிக்குள் நல்லதும் சுமாரானதும் கலந்து கிடக்கிறது, அச்சைப் படித்து எடுக்க வேண்டிய பொறுப்பு முழுக்க நம்முடையது. இரண்டாவது, இது ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு இல்லை. கலர் டிவி காலத்தில் வாங்கி வைத்த மிச்சம் அது. "இந்தப் பெட்டி முடிஞ்சா அடுத்தது வராது சார்" என்று கடைக்காரரே சொன்னார், வியாபாரப் பேச்சு என்றும் நினைக்கலாம், ஆனால் பெட்டியின் மேல் இருந்த தூசியைப் பார்த்தால் எனக்கு நம்பத்தான் தோன்றியது. அமிகாவோ, கமடோர் 64ஓ, வேறு எந்தப் பழைய டியூப் பெட்டியோ வைத்திருப்பவர்கள் போகும்போது 8/128 அச்சுள்ளதில் கூட ஒன்றோ இரண்டோ சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும்.